அரமும் சார்ட் பேப்பரும்: பழைய பைக்குக்கு ஒரு ஸ்பிராக்கெட்

பழைய பைக்கின் பின்பக்க ஸ்பிராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, ஒரு தடவை குனிந்து பாருங்கள். புதிதாக இருந்தபோது இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருந்த பல், இப்போது ஒரு பக்கம் குழிந்து நுனி வளைந்து பருந்தின் மூக்கு மாதிரி ஆகியிருக்கும். செயின் இழுத்து இழுத்துப் பல் சாய்ந்துவிட்டது என்று நினைப்போம். பல் சாயவில்லை, அரிக்கப்பட்டிருக்கிறது. அரித்தது செயின்தான்.

செயின் "நீண்டுவிட்டது" என்கிறோமே, அதில் எந்தத் தகடும் இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி புஷ் என்னும் சிறு குழல். இரண்டும் உரசித் தேய்ந்து மயிரிழை அளவு இடைவெளி விழுகிறது. கண்ணிக்குக் கண்ணி அந்த மயிரிழை சேர்ந்து செயின் நீளமாகிறது. நீண்ட செயினின் ரோலர் (புஷ்ஷின் மேல் உருளும் வளையம்), இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தின் அடியில் உட்கார முடியாமல் பல்லின் முதுகில் கொஞ்சம் ஏறி உட்கார்ந்து அங்கேயே தேய்க்கத் தொடங்கும். 2 சதவீதம் நீண்டுவிட்டால் செயினை மாற்றிவிடுவது நல்லது. மாற்றாமல் ஓட்டினால் சக்கரமும் சேர்ந்து போகும்.

செயினை எங்கும் வாங்கலாம். பழைய பிரிட்டிஷ் பைக்குகள் பலவற்றில் ஓடும் செயினின் கண்ணி இடைவெளி ஐந்தெட்டில் இன்ச், அதாவது 15.875 மி.மீ. நம் பட்டறைக் கணக்கில் ஐந்து நூல். உலகம் முழுக்க இந்த அளவு மாறாது. ஸ்பிராக்கெட்டின் நடுத்துளை, போல்ட் துளைகள், ஹப்பில் (பின்சக்கரத்தின் குடத்தில்) உட்காரும் படி ஆகியவைதான் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேறு. வண்டியின் தயாரிப்பு நின்று ஐம்பது வருடம் ஆன பிறகு அந்தச் சக்கரத்தை யாரும் வார்த்து விற்கப் போவதில்லை. நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

வீட்டில் அரம் வைத்துக் கியர் செய்யலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். கியரில் ஒரு பல் இன்னொரு பல்லின் மேல் உருள வேண்டும். வேகம் சீராகப் போக, பல்லின் வளைவு ஒரு குறிப்பிட்ட கணித வளைவாகவே இருந்தாக வேண்டும். அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பற்களே சுமையைத் தாங்கும். சிறு பிழை இருந்தாலும் கியர் அலறும். ஸ்பிராக்கெட் அப்படியில்லை. சக்கரத்தைப் பாதி சுற்றிப் படுத்திருக்கும் செயினைப் பத்துப் பதினெட்டுப் பற்கள் பகிர்ந்து பிடிக்கின்றன. முக்கிய வேலை பல்லின் அடியில் உள்ள அரைவட்டப் பள்ளத்துக்கு. பள்ளம் சரியான இடத்தில், சரியான அளவில் இருந்தால் போதும், பல்லின் மேல்பாதி கொஞ்சம் கோணல்மாணலாக இருந்தாலும் செயின் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பள்ளத்தை உண்டாக்க டிரில் பிட் ஒன்றே போதும் என்பதுதான் இதில் அழகு.

ரோலரின் விட்டம் 10.16 மி.மீ. பள்ளம் அதைவிட ஒரு துளி பெரிதாக இருக்க வேண்டும். 10.3 அல்லது 10.5 பிட் சரியாக இருக்கும். என் வண்டியில் 38 பல். ஆக, இரும்புத் தட்டில் ஒரு வட்டத்தின் மேல் சம இடைவெளியில் 38 துளை போட்டு, வெளியிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் ஹாக்சா பிளேடால் வழி திறந்து, மிச்சத்தை அரத்தால் தேய்த்தால் பல் வந்துவிடும். எந்த வட்டத்தின் மேல் என்பதில்தான் முதல் சறுக்கல்.

38-ஐ 15.875-ஆல் பெருக்கி, பையால் (π) வகுத்தால் விட்டம் 192.02 மி.மீ. வருகிறது. அது தப்பு. செயின் வட்டமாக வளைவதில்லை. கண்ணி ஒவ்வொன்றும் விறைப்பான குச்சி, அது வட்டத்தில் நாண் போல உட்காருகிறது. 180 பாகையை 38-ஆல் வகுத்து, அந்தக் கோணத்தின் சைனால் 15.875-ஐ வகுக்க வேண்டும். விடை 192.24. வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் எஞ்சின் பக்கம் இருக்கும் 16 பல் சக்கரத்தில் அதுவே அரை மில்லிமீட்டரைத் தாண்டும். பல் குறையக் குறைய வட்டம் பலகோணமாகிவிடும். 16 பல்லில் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் கிட்டத்தட்ட 2 சதவீதம் ஏறி இறங்கும், 38-இல் அரை சதவீதம்கூட வராது. சின்னச் சக்கரம் போட்ட வண்டி நடுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது பங்கு போடுவது. கவராயத்தை 15.875-க்குத் திறந்து, வட்டத்தின் மேல் எட்டு வைத்துக்கொண்டே போனால் ஆயிற்று என்று நானும் நினைத்தேன். ஒவ்வோர் எட்டிலும் 0.05 மி.மீ. பிசகினால் 38 எட்டில் 1.9 மி.மீ. ஆகிவிடும். நான் அதைவிடத் தாராளமாகவே பிசகினேன். கடைசிப் பல் பாதி அகலத்தில் வந்து நின்றது. அந்தத் தட்டு இன்றும் என் மேசையில் காகிதம் பறக்காமல் காவல் காக்கிறது.

காப்பாற்றியது பத்தாம் வகுப்புத் தேல்ஸ் தேற்றம். சுமார் 200 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்த தட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை இறுக்கி ஒட்டி, முனைகள் சந்திக்கும் இடத்தில் வெட்டிப் பிரித்தேன். நீளம் 628 மி.மீ. பெரிய சார்ட் பேப்பரில் 15 மி.மீ. இடைவெளியில் 39 இணைகோடுகள் போட்டால் 38 இடைவெளி, மொத்தம் 570 மி.மீ. பட்டையைச் சாய்த்து, ஒரு முனை முதல் கோட்டிலும் மறுமுனை கடைசிக் கோட்டிலும் படும்படி வைத்தால், நடுவிலுள்ள கோடுகள் பட்டையைச் சமமாக 38 பங்கு போட்டுவிடும். ஒரு கோடு கொஞ்சம் தள்ளிப்போனாலும் அந்தக் குறி மட்டும்தான் தப்பும், பிழை அடுத்ததற்குத் தொற்றாது. பட்டையை மறுபடி தட்டில் சுற்றி, குறிகளிலிருந்து மையம் நோக்கிக் கோடு இழுத்து, அது 192.24 வட்டத்தை வெட்டும் இடத்தில் சென்டர் பஞ்சால் ஒரு குழிப்புள்ளி. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் அரை மீட்டர் விட்டமுள்ள பிளைவுட் வட்டத்தில் பட்டையைச் சுற்றிக் குறிக்கலாம். அங்கே 0.2 மி.மீ. தப்பினால், ஸ்பிராக்கெட்டின் வட்டத்துக்கு இறங்கும்போது அது 0.08 ஆகச் சுருங்கிவிடும்.

மையத்தை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். நடுத்துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் சக்கரம் சுற்றும்போது ஒரு பக்கம் செயின் விண்ணென்று இறுகும், மறுபக்கம் தொங்கும். லேத்துக்காரரிடம் கொடுத்து முதலில் துளையைக் கடைந்து, அதில் இறுக்கமாக உட்காரும் ஒரு கட்டையையும் மையப் புள்ளியோடு கடைந்து வாங்குங்கள். கவராயத்தின் காலை அந்தப் புள்ளியில் ஊன்றித்தான் மற்ற எல்லா வட்டமும்.

துளை ஹப்பில் சரியாக உட்கார, அது எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிய வேண்டியதில்லை. பழையதைப் போலவே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதை ஒப்பிட ஒரு கம்பியே போதும். நியூசிலாந்தில் இன்வர்கார்கில் ஊரில் பர்ட் மன்ரோ என்று ஒருவர் இருந்தார். சைக்கிள் ஆரக்கம்பியை அளவுக்கருவியாக்கி, பிஸ்டனைத் தானே வார்த்து, டிராக்டர் அச்சிலிருந்து கனெக்டிங் ராடு செதுக்கியவர். விற்பனைக்கு வந்தபோது மணிக்கு 90 கி.மீ. போன 1920 மாடல் இந்தியன் ஸ்கவுட் என்ற அமெரிக்க பைக்கை, 1967-இல் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் 295 கி.மீ.க்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். அப்போது அவருக்கு வயது 68. அவர் வழியில் வெடித்துச் சிதறிய பிஸ்டன்களும் ராடுகளும் ஒரு அலமாரி நிறைய இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உலோகத்துக்கு வருவோம். சாதாரண மைல்டு ஸ்டீலில் கரிமம் குறைவு, எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கெட்டிப்படாது. இரும்புக் கடையில் 'ஈஎன் 8' என்று கேட்டால் கிடைக்கும் தகட்டில் சுமார் 0.4 சதவீதம் கரிமம் இருக்கும். அரிவாளுக்குக் கொல்லர் கொடுக்கும் துவைச்சல் இதற்கும் பிடிக்கும். எவ்வளவு சூடு என்று அறிய ஒரு காந்தம் போதும். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். ஒட்டாத நிலை வந்த பிறகும் கொஞ்சம் காய்ச்சி, எண்ணெயில் முக்க வேண்டும். முழுத் தட்டையும் காய்ச்சினால் அப்பளம் மாதிரி நெளியும், பல் விளிம்பு மட்டும் சிவந்தால் போதும். முக்கி எடுத்ததும் பல் கண்ணாடி போல உடையும் பதத்தில் இருக்கும். ஒரு பல்லைப் பளபளவென்று தேய்த்து வைத்து, மெல்லச் சூடேற்றினால் வைக்கோல் நிறம் படரும். தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் நிறம் காட்டுவது போலத்தான் இதுவும், பரப்பில் படியும் ஆக்சைடு படலத்தின் தடிமன்தான் நிறமாகத் தெரிகிறது. அந்த நிறம் வந்தால் சூடு 220, 230 டிகிரி. அதோடு நிறுத்திவிடலாம்.

இரண்டாவது தட்டில் நான் 38 போடவில்லை. உள்கண்ணி, வெளிக்கண்ணி என்று மாறி மாறி வருவதால் செயினில் கண்ணிகள் பெரும்பாலும் இரட்டை எண்ணிக்கைதான். சக்கரத்திலும் பல் இரட்டைப்படை என்றால், ஒரு பல்லுக்கு வாழ்நாள் முழுக்க உள்கண்ணிதான் வரும், பக்கத்துப் பல்லுக்கு வெளிக்கண்ணிதான். ஒற்றைப்படை பல் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் மாறிவிடும், தேய்மானம் பரவும். கவராயம் வைத்து 37 பங்கு போட முயன்றால் தலை சுற்றும், அது பகா எண். சார்ட் பேப்பருக்கு ஒரு கோடு குறைவு, அவ்வளவுதான். வட்டம் 187.19 மி.மீ. ஆயிற்று, தட்டின் விட்டம் 5 மி.மீ. குறைந்தது. ஏற்றத்தில் வண்டி முன்னைவிடக் கொஞ்சம் முனகுகிறது, சமதளத்தில் எஞ்சின் சற்று நிதானமாகச் சுற்றுகிறது.