லைட் காட்டுகிற தூரம்

பெரும்போக அறுவடைக் காலத்தில் எங்கள் விபத்துப் பிரிவில் காயம் கழுவும்போது சில வேளை நெல்மணி வரும். ஒருமுறை ஒரு தம்பியின் தாடைக் காயத்துக்குள்ளிருந்து மூன்று மணிகளை எடுத்தேன். இரவில் தம்பலகாமம் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தவர், பின் லைட் இல்லாமல் நெல் மூட்டை ஏற்றிப் போன லாண்ட்மாஸ்டரில் (பெட்டி பூட்டிய இரு சக்கர உழவு இயந்திரம்) மோதியிருந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார், வாரைப் பூட்டவில்லை. விழுந்தபோது ஹெல்மெட் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

"லைட் போட்டுத்தான் வந்தனான் டொக்டர், எழுபதுக்கு மேல போகேல்ல" என்றார். உண்மையாகத்தான் இருக்கும். சிக்கலே அந்த எழுபதில்தான்.

மணிக்கு 70 கிலோமீற்றர் என்றால் ஒரு செக்கனுக்கு 19 மீற்றர். கண் கண்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே கிட்டத்தட்ட 30 மீற்றர் போய்விடும். பிறகு காய்ந்த வீதியில் நிற்க இன்னும் அவ்வளவு வேண்டும். மொத்தம் 60 மீற்றர். டிம் லைட்டில், அதுவும் எதிரே லொறி வரும்போது, ஒரு கறுத்த உருவம் அந்தத் தூரத்தில் தெரியாது. 50-இல் வந்திருந்தால் 35 மீற்றரில் நின்றிருப்பார்.

ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு வரும் ஏ6 நெடுஞ்சாலை நல்ல வீதி. அந்த நல்ல வீதிதான் ஆளை ஏமாற்றுகிறது. சூடு ஆறாத தாரில் மாடு படுத்திருக்கும். யானை நின்றால் டிம் லைட் அதன் காலில்தான் விழும், மரம் மாதிரி இருக்கும். கண்டால் தூரத்திலேயே நில்லுங்கள். ஹோர்ன் அடிக்க வேண்டாம். லாண்ட்மாஸ்டர் வைத்திருக்கும் அண்ணன்மார், பெட்டியின் பின்பக்கம் இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டராவது ஒட்டுங்கள்.

சரி, விபத்து நடந்துவிட்டது. பதறிப்போய்க் கழுத்தை மடக்கி ஆட்டோவுக்குள் திணித்துக் கொண்டுவராதீர்கள். அந்த இடத்தில் வேறு ஆபத்து இல்லையென்றால் ஆளை அசைக்காமல், இரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். 1990-க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அவர்கள் முதலில் கேட்பது இடத்தை. "காட்டுக்குள்ள, ஒரு வளைவு தாண்டி" என்றால் எந்த வளைவு? பக்கத்துக் கிலோமீற்றர் கல்லில் போன் வெளிச்சத்தை அடித்து, அதிலுள்ள எண்ணைச் சொல்லுங்கள்.