அடித்தால் கேட்கிறான் என்று ஏன் தோன்றுகிறது?

வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: "நாலு வயசுப் பையனை அடிச்சுட்டு, ராத்திரி தூங்குற அவன் முகத்தைப் பார்த்து அழுறேன். மறுநாளும் கை ஓங்கிடுது. அடிச்சாத்தான் கேக்குறான், நான் என்ன செய்ய?"

அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்வோம். அடித்ததும் பையன் அடங்கியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பார்த்தது உண்மை. அதற்கு அவர் நினைக்கும் காரணத்தில்தான் கோளாறு.

ஒரு பகடையை எடுத்து உருட்டுங்கள். 1 விழும்போதெல்லாம் திட்டுங்கள், 6 விழும்போதெல்லாம் பாராட்டுங்கள். 1-க்கு அடுத்த வீச்சில் அதைவிடப் பெரிய எண் விழ ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பு. 6-க்கு அடுத்த வீச்சில் எண் குறையவும் அதே ஆறில் ஐந்து. அரை மணி நேரம் உருட்டிப் பாருங்கள், திட்டினால் திருந்துகிறது, பாராட்டினால் கெட்டுப்போகிறது என்று நம்பத் தொடங்கிவிடுவீர்கள். பகடைக்கோ நீங்கள் சொன்ன எதுவும் கேட்காது.

இதற்குப் பெயர் சராசரிக்குத் திரும்புதல். எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது. பின்னாளில், 2002-இல், நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேலிய விமானப் படைப் பயிற்சியாளர்களிடம் இதே மயக்கத்தைக் கண்டார். பாராட்டினால் மாணவன் அடுத்த முறை சொதப்புகிறான், கத்தினால் நன்றாக ஓட்டுகிறான் என்று அவர்கள் அனுபவத்தை வைத்து அடித்துச் சொன்னார்கள். படுமோசமாக ஓட்டிய ஒருவன் அடுத்த முறை தன் வழக்கமான தரத்துக்குத் திரும்பியிருப்பான். பெயர் கத்தலுக்குப் போய்விட்டது.

குழந்தையின் சேட்டையும் இப்படி ஏறி இறங்குவதுதான். நாம் கை ஓங்குவது அதன் உச்சத்தில். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் எப்படியும் வரும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது மந்திரித்துவிட்டு, அது இறங்கியதும் மந்திரத்தைக் கும்பிடுவது போலத்தான் இதுவும். "அடியாத மாடு பணியாது" என்பதை நான் இந்த மூடநம்பிக்கைக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

சரி, இவ்வளவு வருந்துகிற அம்மாவின் கை மறுநாளும் ஏன் எழுகிறது? அடி விழுகிறது. குழந்தை ஒரு நொடி திகைத்து நிற்கிறது, வீறிடல் நிற்கிறது. காதைக் குடைந்த சத்தம் போன அந்த நிம்மதியை மூளை உடனே குறித்துக்கொள்கிறது. ஒரு தொல்லையை உடனடியாக நீக்கும் செயல் பழக்கமாகிவிடுவதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். வருத்தம் வருவது ராத்திரியில். நிம்மதி வந்ததோ அந்த நொடியிலேயே. பழக்கத்தை உண்டாக்குவதில் உடனே கிடைக்கும் பலனுக்குத்தான் பலம் அதிகம். அடியால் பயிற்சி பெறுவது பெற்றோரின் கைதான். அந்த அம்மாவின் கண்ணீரை நான் முழுதாக நம்புகிறேன். அது தாமதமாக வருகிறது, அவ்வளவுதான்.

2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 33 குடும்பங்களில் பெற்றோர் மாலை வேளைகளில் ஒலிப்பதிவுக் கருவியை அணிந்திருந்தார்கள். தகராறு தொடங்கிச் சராசரியாக 30 நொடிகளில் அடி விழுந்திருந்தது. அடி விழுந்த சம்பவங்களில் 73 சதவீதத்தில், பத்தே நிமிடங்களுக்குள் குழந்தை மறுபடி சேட்டையில் இறங்கியது. எனக்குப் பிடித்த வகை ஆய்வு இது. கேள்வித்தாளில் யாரும் பொறுமைசாலிதான், பதிவில் வீடு அப்படியே கேட்கிறது. இப்படி வீட்டுக்குள் போய்க் கேட்கும் ஆய்வுகளுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

2016-இல் எலிசபெத் கெர்ஷாஃப் என்ற அமெரிக்க ஆய்வாளரின் தலைமையில் 75 ஆய்வுகளை, ஏறக்குறைய 1,60,000 குழந்தைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அடி வாங்கும் குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் கூடுதலாகவே தெரிந்தன. முரட்டுக் குழந்தை என்பதால் அடி விழுந்ததா, அடியால் முரடானதா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளிலும் அடி நடத்தையைத் திருத்தியதாகத் தெரியவில்லை. "நான் அடி வாங்கித்தானே நல்லா வந்தேன்" என்பவர்களுக்கு, அடி வாங்காத இன்னொரு "நான்" ஒப்பிட்டுப் பார்க்கக் கிடையாது.

அந்த அம்மாவுக்கு நான் எழுதிய பதில் சின்னது. அடுத்த முறை அவன் தரையில் விழுந்து உதைக்கும்போது, அவன் எதிலும் இடித்துக்கொள்ளாதபடி பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காருங்கள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான அடம் ஐந்து நிமிடத்துக்குள் தானாகவே ஓயும். முதல் அரை நிமிடம்தான் உங்களுக்குக் கஷ்டம். அப்புறம் கத்தல் விம்மலாகும், கொஞ்ச நேரத்தில் அவனே மடிக்கு வருவான்.