கார் நகருமுன்பே வாந்தி

ஏப்ரல் நெருங்கினால் என்னிடம் நாயைக் கொண்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு நுவரெலியாப் பயணம்தான் கவலை. “டொக்டர், ரொக்கியையும் கூட்டிக்கொண்டு போகிறோம். போன முறை அவிசாவளை தாண்டவில்லை, சீற்றெல்லாம் சத்தி. ஒரு குளிசை எழுதித் தாருங்கள்.”

எழுதலாம். ஆனால் முதலில் ஒன்றைக் கேட்பேன்: வாந்தி எங்கே தொடங்கியது? வளைவுகளிலா, வீட்டு வாசலிலா?

வளைவுகளில் என்றால் பெரும்பாலும் காதுதான் காரணம். உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு வண்டியின் ஆட்டத்தை உணர்கிறது. கண்ணுக்கோ அசையாத இருக்கைதான் தெரிகிறது. இரண்டும் முரண்படும்போது வயிறு புரட்டுகிறது. குட்டிகளில் அந்த உறுப்பு இன்னும் முதிர்ந்திருக்காது. அதனால் அவற்றுக்குத் தொல்லை அதிகம். ஒரு வயதாகும்போது பல குட்டிகள் தாமாகவே தேறிவிடும்.

வாசலிலேயே தொடங்கினால் கதை வேறு. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றிலிருந்து வந்த மூன்று வயது நாயை அதன் காரிலேயே வைத்துப் பார்த்தேன். என்ஜின் இயங்கவில்லை. அதற்குள் உதட்டை நக்கியது, அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டது, வீணீர் வடிந்து நெஞ்சு உரோமம் திரிதிரியாக ஒட்டியிருந்தது. வாழ்நாளில் அது கார் ஏறியதெல்லாம் ஊசிக்காகத்தான், அதாவது என்னிடம் வருவதற்காகத்தான்! போதாததற்குக் கண்ணாடியருகே மல்லிகை வாசனைப் போத்தல். வெள்ளிக்கிழமைகளில் வண்டிக்குச் சாம்பிராணியும் காட்டுவார்களாம். நாயின் மூக்குக்கு அது தாங்குமா?

போத்தலை எடுத்துவிட்டு, கதவுகளைத் திறந்தபடி, நிற்கும் காரின் பின்சீற்றில் இரவுச் சாப்பாட்டைக் கொடுக்கச் சொன்னேன். ஒரு வாரம் அவ்வளவுதான். பிறகு என்ஜினை மட்டும் இயக்கி வைத்தார்கள். பிறகு காலி வீதி முனைவரை போய்த் திரும்பினார்கள். பிறகு தெகிவளைக் கடற்கரை, இறங்கி ஒரு நடை. வீணீர் மீண்டும் வடிந்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். ஐந்து வாரம் எடுத்தது. அவசரப்படுபவர்களுக்கு இந்த வைத்தியம் பிடிப்பதில்லை.

குளிசையைப் பொறுத்தவரை, மரோபிட்டன்ட் என்ற மருந்து நாய்களின் பயண வாந்திக்கு நன்றாக வேலை செய்கிறது. புறப்படுவதற்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் முன் கொடுக்க வேண்டும். அளவு நாயின் எடையைப் பொறுத்தது. அது வாந்தியைத் தடுக்கும், பயத்தைத் தடுக்காது. பாமசியில் மனிதருக்கென வாங்கிய குளிசையை உடைத்து, பாதியை நாய்க்குக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பரசிட்டமோல் நாயின் ஈரலையே கெடுத்துவிடக்கூடும். நமக்குத் தேசிக்காயை முகர்ந்தால் குமட்டல் தணியும். நாய்க்கு அது தண்டனை. தைலமும் பூசக்கூடாது, நக்கிவிடும்.

அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறீர்களா? வளர்ந்த நாய்க்கு முந்தைய இரவுச் சாப்பாடே கடைசியாக இருக்கட்டும். வழியில் பசிக்கும் என்று பாணும் பாலும் ஊட்டுவதுதான் கித்துல்கலையில் சீற்றில் வந்து சேர்கிறது. தண்ணீர் கொடுக்கலாம். சின்னக் குட்டிகளையும் நீரிழிவுள்ள நாய்களையும் நெடுநேரம் பட்டினி போடக்கூடாது. அவற்றுக்கு வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

நாயை மடியில் வைக்காமல் பின்சீற்றில் வார்ப்பட்டியால் பிணைத்து, முன்பக்கம் பார்க்கும்படி இருத்துங்கள். கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கினால் காற்று வரும். தலை வெளியே போகத் தேவையில்லை. தேநீருக்கு இறங்கும்போது அதையும் இறக்குங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சில நிமிடங்களிலேயே சூடு ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் போதாது.

காரை விட்டு இறங்கிய பின்னும் வாந்தி நிற்காவிட்டால், தலை ஒருபக்கம் சரிந்திருந்தால், நடை தள்ளாடினால் அது பயணக் கோளாறல்ல. கொழும்பின் ஈரக் காற்றில் தொங்கு காது நாய்களுக்குக் காதில் தொற்று சாதாரணம். அது உட்காது வரை இறங்கியிருக்கலாம். உடனே காட்டுங்கள்.

அந்த வெள்ளவத்தை நாய் அடுத்த ஏப்ரலில் நுவரெலியா போய் வந்தது. கினிகத்தேனை வளைவில் ஒருமுறை மட்டும் வாந்தி எடுத்ததாம், விரித்திருந்த பழைய துவாயிலேயே. அதன்பின் ஹட்டன் வரும்வரை தூக்கம்.