எண்ணெய் காக்காது, வினிகர்தான் காக்கும்

இத்தாலியக் காய்கறி ஊறுகாயான ஜார்தினியேராவைச் செய்யச் சொல்லித்தரும் போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, "மேலே எவ்வளவு எண்ணெய் ஊற்றணும் சார்?" என்பதுதான். மாங்காய் ஊறுகாய் ஜாடியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்படிக் கேட்பது இயல்பு. ஆனால் அந்த மாங்காயைக் காப்பது அதன் புளிப்பும், நாம் அள்ளிப் போடும் உப்பும்தான். காலிஃபிளவரிலும் கேரட்டிலும் அந்தப் புளிப்பு கிடையாது.

ஜார்தினியேரா என்றால் இத்தாலிய மொழியில் தோட்டக்காரி. காலிஃபிளவர், கேரட், செலரி, குடைமிளகாய், சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் வினிகரில் ஊறவைப்பது. பியமாந்தே பகுதியில் தக்காளிச் சாறு சேர்ப்பார்கள். வட இத்தாலியில் வேகவைத்த இறைச்சியோடும், சலாமி என்ற பதப்படுத்திய இறைச்சியோடும் இதைத் தட்டில் வைப்பது வழக்கம். கொழுப்பின் திகட்டலை அந்தப் புளிப்பு வெட்டிவிடும். நேப்பிள்ஸில் கிறிஸ்துமஸுக்குக் காலிஃபிளவர், ஆலிவ், நெத்திலி, ஊறிய மிளகாய் சேர்த்து ஒரு சாலட் செய்வார்கள். கோடையில் ஆறிய சோற்றோடு பிசறிச் சாப்பிடுவதும் உண்டு. எனக்குப் பிடித்தது, பொடியாக நறுக்கி ஆம்லெட்டை மடிக்கும் நேரத்தில் தூவுவது. எதில் சேர்த்தாலும் கடைசியில் சேருங்கள். அடுப்பில் வதங்கினால் அந்த நறுக்கென்ற கடி போய்விடும்.

அமெரிக்காவில் சிகாகோ இத்தாலியர்கள் காய்களைச் சிறிதாக வெட்டி, காரமிளகாய் சேர்த்து, எண்ணெயில் ஊறவைத்து மாட்டிறைச்சி சாண்ட்விச் மேல் குவிப்பார்கள். வீட்டில் இதைச் செய்யும்போதுதான் பலர் தவறுகிறார்கள். காய்களை வெந்நீரில் போட்டு எடுத்து, பச்சைப் பூண்டோடு எண்ணெயில் மூழ்கடித்து, சமையலறை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

மண்ணில் விளையும் காய்களில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். கொதிநீர் அவற்றைக் கொல்லாது. காற்று இல்லாத இடம்தான் அவற்றுக்குத் தோது. எண்ணெய் அந்த இடத்தை அமைத்துக் கொடுக்கிறது. புளிப்பை அளக்கும் பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; அது 4.6-க்குக் கீழே இருந்தால் அவை வளர்ந்து நஞ்சு சுரக்க முடியாது. 1985-இல் கனடாவின் வான்கூவரில், குளிர்பதனப் பெட்டியில் வைக்காத எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். இத்தாலியிலேயே வீட்டில் செய்யும் காய்கறிப் பதனங்களால் இந்த நஞ்சு இன்றும் மனிதர்களைத் தாக்குகிறது. அவர்கள் பாட்டி காலத்திலிருந்து செய்பவர்கள். அங்கேயே இப்படி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

சரி, நான் செய்யும் முறை இது. இத்தாலிய ஒயின் வினிகரில் அமிலம் குறைந்தது 6 சதவீதம். நம் கடைகளில் கிடைக்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் 4 சதவீதம்தான். அதனால் இத்தாலியக் குறிப்பில் "பாதி தண்ணீர்" என்று இருந்தாலும் நான் தண்ணீர் சேர்ப்பதில்லை. வினிகரில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவிட்டு, காய்களை அதிலேயே இரண்டு மூன்று நிமிடம் வேகவைத்து, சூட்டோடு கண்ணாடி பாட்டிலில் நிரப்புவேன். காய் முழுவதும் வினிகருக்குள் முங்கியிருக்க வேண்டும். ஆறியதும் நேராக ஃபிரிட்ஜுக்குப் போகும். எண்ணெய் ருசி வேண்டுமா? பரிமாறும் அன்று வேண்டிய அளவை வடித்தெடுத்து எண்ணெயில் பிசறுங்கள். மிஞ்சியதை வெளியே வைக்காதீர்கள்.

சந்தேகமான பாட்டிலை ருசித்துப் பார்க்கவே வேண்டாம். இந்த நஞ்சு மணத்திலோ நிறத்திலோ தன்னைக் காட்டிக்கொள்ளாமலே இருக்கலாம். சாப்பிட்டபின், பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள், பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை சரிவது, வாய் உலர்வது, நாக்கு குழறுவது, விழுங்க முடியாமல் போவது என்று தொடங்கும். சில சமயம் நாட்கள் கழித்தும் வரலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர் கேட்பதற்கு முன்பே, எண்ணெயில் போட்ட காய் சாப்பிட்டதைச் சொல்லிவிடுங்கள். முறிமருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது.