அடக்க உமிழ்வு என்றே சொல்லுவோம்

காட்பாடியில் அடுக்குமாடிக் கட்டுமானம் பற்றி ஒரு பயிலரங்கு. கையேடு முழுக்க ‘உட்பொதிந்த கார்பன்’ என்று அச்சிட்டிருந்தார்கள். கட்டடத்துக்கான பொருள்களைச் செய்யும்போதும் கொண்டுவரும்போதும் வெளியேறும் கரியமில வாயுவின் கணக்குக்கு அப்படியொரு பெயர். பின்வரிசை மேஸ்திரி ஒருவர் எழுந்து, “அப்போ செவுத்த இடிச்சா அந்த கார்பன் வெளிய வந்துடுமா சார்?” என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது. அந்தச் சொல்லுக்கு அவர் கொண்ட பொருள் சரி.

ஆங்கிலத்தில் ‘எம்பாடிட் கார்பன்’. ‘பாடி’ உடல், ‘கார்பன்’ லத்தீனில் கரியைக் குறிக்கும் ‘கார்போ’விலிருந்து வந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் இவ்வளவையும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும்; 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். சிமெண்ட் உலையை 1450 டிகிரிக்குச் சூடேற்ற எரித்த நிலக்கரியின் புகை தனி. கம்பி உருக்கிய உலை, லாரி குடித்த டீசல் எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் கணக்கு. பால் காய்ச்சிக் குடிபோகும் முன்பே வானத்துக்குப் போய்விட்டதை உள்ளே பொதிந்திருக்கிறது என்றால் எப்படி? மரத்தூணில் கார்பன் உண்மையிலேயே பொதிந்திருக்கிறது, அது நன்மை. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், குறைக்க வேண்டியது எது, காக்க வேண்டியது எது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? ‘உடல் கார்பன்’ என்று எழுதுகிறவர்களைப் பற்றிப் பேசவே மனமில்லை.

வேலூர் லாங்கு பஜாரில் பேரம் பேசிப் பாருங்கள். “எனக்கு அடக்கமே 80 ரூபா ஆவுதுண்ணா” என்பார் கடைக்காரர். வாங்கிய விலை, வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி அத்தனையும் அதில் உண்டு. பணம் கைவிட்டுப் போய்விட்டது. கணக்கு பொருளின் தலையில் நிற்கிறது. நமக்கு வேண்டிய பொருள் அச்சாக இதுதான். ஆகவே அடக்க உமிழ்வு. குடிவந்த பின் லிஃப்டும் ஏசியும் இழுக்கும் மின்சாரத்தால் வருவது பயன்பாட்டு உமிழ்வு. அடக்கம் என்றால் புதைப்பது அல்லவா என்றார் ஒரு நண்பர். அடக்க விலை என்று கேட்டதும் யாருக்கும் இடுகாடு நினைவுக்கு வருவதில்லையே.

இந்த அடக்க உமிழ்வைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. கான்கிரீட் ஊற்றிய 28-ஆம் நாளில் அதற்கு இருக்கும் வலிமையை வைத்துத்தான் வழக்கமாகக் கலவையை முடிவு செய்கிறார்கள். ஆனால் அடுக்குமாடியின் கீழ்த்தளத் தூண் 28-ஆம் நாளே முழுப் பாரத்தையும் சுமப்பதில்லை. மேல்தளங்கள் ஏற மாதக்கணக்காகும். 56 நாள் வலிமையைக் கணக்கில் எடுத்தால் சிமெண்ட்டைக் குறைத்து அனல்மின் நிலையச் சாம்பலைக் கூட்டலாம். சாம்பல் கலவை மெதுவாக வலுவேறும், அவ்வளவுதான்.

டீ இடைவேளையில் மேஸ்திரியிடம், “தூணோட அடக்கத்தக் குறைக்கிறதுதாங்க இது” என்றேன். கிளாஸைக் கீழே வைத்தார். “அப்போ கம்பிக்கு அடக்கம் எவ்ளோ சார் ஆவும்?”