எட்டாம் மாதக் குழந்தைக்காகத் தொட்டில் வாங்குங்கள்

இரவு பத்தரை மணி இருக்கும். ஓ.பி. முடித்துக் கிளம்பும் நேரத்தில் ஓர் அப்பா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார், பின்னால் அம்மா, அவருக்கும் பின்னால் செருப்பே போடாமல் பாட்டி. எட்டு மாதக் குழந்தை, தொட்டிலின் மேல் சட்டத்தைத் தாண்டித் தரையில் விழுந்திருக்கிறது. நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். விழுந்ததும் அழுதிருக்கிறது, வாந்தி இல்லை, மயக்கம் இல்லை, நான் பரிசோதிக்கும்போதே என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கி வாயில் வைக்கப் பார்த்தது. சில மணி நேரம் வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினோம்.

அந்த அப்பா மட்டும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்ல கடையிலதான் வாங்கினோம் டாக்டர், பதினெட்டாயிரம் ஆச்சு."

போனில் படம் காட்டினார். தொட்டிலில் ஒரு குறையும் இல்லை. மெத்தை வைக்கும் பலகை மேல் மட்டத்தில் இருந்தது, பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று பொருத்தியபடியே. குழந்தை இரண்டு வாரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது, அதை வீட்டில் எல்லோரும் வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள், பலகையைக் கீழே இறக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை இறக்குவதற்குத் தொட்டிலோடு ஒரு சின்ன எல் வடிவச் சாவி கொடுத்திருப்பார்களே, எங்கே என்று கேட்டேன். "அது எங்கயோ டிராயர்ல கிடக்கும்" என்றார்.

குழந்தைகள் மருத்துவராக இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, தொட்டில் விஷயத்தில் நடக்கும் தப்பு பெரும்பாலும் இந்த மாதிரிதான். கடையில் நிற்கும்போது நம் மனதில் இருப்பது துணியில் சுற்றிய, வைத்த இடத்தில் அசையாமல் கிடக்கும் பச்சைக் குழந்தை. அந்தக் குழந்தை மூன்று நான்கு மாதம்தான் அப்படி இருக்கும். அப்புறம் புரளும், தவழும், எழுந்து நிற்கும், காலைத் தூக்கிச் சட்டத்தின் மேல் போடும். தொட்டிலைச் சோதித்துப் பார்க்கப்போவது அந்த ஆள்தான், ஆகவே வாங்கும்போதே அவரை மனதில் வைத்து வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு தையல் டேப் கொண்டுபோங்கள். முதலில் பக்கவாட்டுக் கம்பிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள், 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. குழந்தையின் இடுப்பும் வயிறும் ஒடுங்கக்கூடியவை, தலை ஒடுங்காது. இடைவெளி அதிகமாக இருந்தால் கால் வழியாக உடம்பு வெளியே நழுவிவிடும், தலை உள்ளே மாட்டிக்கொள்ளும், அதன் பிறகு கழுத்தில்தான் தொங்க வேண்டும். இந்த அளவின் அடிப்படையில் அமெரிக்கா 1970களிலேயே சட்டம் போட்டது. கம்பிகளுக்கு நடுவே குளிர்பான டின் நுழையக் கூடாது என்று அந்த ஊர் வழக்கில் ஒரு சோதனை சொல்வார்கள், அது அங்குள்ள குண்டு டின்னுக்குப் பொருந்தும், நம் கடைகளில் வரும் ஒல்லி டின்னை வைத்துக்கொண்டு செய்யாதீர்கள்.

அடுத்து, ஒரு பக்கச் சட்டம் கீழே இறங்கி ஏறும் வகைத் தொட்டில். குனியாமல் குழந்தையைத் தூக்கலாம், சிசேரியன் ஆன அம்மாவுக்கு வசதி என்று சொல்லி விற்பார்கள். அமெரிக்காவில் 2011 ஜூனில் அந்த வகையைத் தயாரிக்கவும் விற்கவும் தடை போட்டுவிட்டார்கள். ஏறி இறங்கும் பகுதியின் பிளாஸ்டிக் கொக்கி நாளடைவில் தளர்ந்து, சட்டம் ஒரு பக்கம் மட்டும் கழன்று தொங்கும், மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சந்து உண்டாகும், குழந்தை அதில் வழுக்கி இறங்கி மாட்டிக்கொள்ளும். அப்படிப் பல குழந்தைகள் இறந்த பிறகு வந்த தடை அது. இங்கே இன்றும் புதிதாகவும் பழையதாகவும் கிடைக்கிறது. நான்கு பக்கமும் அசையாமல் நிற்கும் தொட்டிலையே வாங்குங்கள். பலகை மட்டும் இரண்டு மூன்று மட்டங்களில் இறங்கட்டும். கடைசி மட்டத்தில் வைத்தபோது, மெத்தை வைக்கும் பலகையிலிருந்து சட்டத்தின் உச்சி வரை 66 சென்டிமீட்டராவது இருக்கிறதா என்று அங்கேயே அளந்துவிடுங்கள். அப்புறம் இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

"சர்டிஃபைட்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எந்தத் தரநிலை என்று கேளுங்கள். ஐரோப்பிய தரநிலை என்றால் இஎன் 716, அமெரிக்க தரநிலை என்றால் ஏஎஸ்டிஎம் எஃப்1169 என்று அட்டையில் எண் இருக்க வேண்டும். எண் சொல்லாத சர்டிஃபிகேட்டுக்கு ஸ்டிக்கர் விலைதான். தொட்டிலில் தொங்கவிடும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள், 2021 ஜனவரியிலிருந்து இந்தியாவில் பொம்மைகளுக்கு அது கட்டாயம். குழந்தை கையை ஊன்றி எழத் தொடங்கியதும் அந்தப் பொம்மையைக் கழற்றிவிட வேண்டும்.

மெத்தை. இங்கேதான் எனக்கும் பாட்டிமார்களுக்கும் சண்டை வரும். கையால் அழுத்தினால் பள்ளம் விழாத, கெட்டியான, சமமான மெத்தை வேண்டும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. அதன் மேல் இறுக்கமாக விரித்த ஒரு பருத்தி விரிப்பு, அவ்வளவுதான். "இது என்னம்மா, கட்டாந்தரையாட்டம் இருக்கு, புள்ளைக்கு முதுகு நோகாதா?" என்று கேட்பார்கள். நோகாது. குழந்தைக்கு மெத்தென்று இருப்பதுதான் ஆபத்து, முகம் அதில் புதைந்தால் தலையைத் திருப்பி எடுக்கும் வலு சின்னக் குழந்தைக்குக் கிடையாது.

சீமந்தத்துக்கும் பெயர் வைக்கும் விழாவுக்கும் கொடுக்கிறார்களே, பிளாஸ்டிக் பையில் ஜிப் போட்டு ஒரு செட், பூப்போட்ட மெத்தை, நடுவில் குழிந்த தலையணை, இரண்டு பக்கமும் உருளை, கூடவே கொசுவலை. அந்த உருளைகளையும் தலையணையையும் எடுத்துப் பரண் மேல் போடுங்கள். தலை உருண்டையாக வரும் என்று கடுகு நிரப்பித் தைக்கும் தலையணையும் அதே பரணுக்குத்தான். ஒரு வயது வரை தலையணையே வேண்டாம். தலை ஒரு பக்கம் தட்டையாகிறது என்ற கவலை இருந்தால், விழித்திருக்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாடவிடுங்கள். சட்டத்தைச் சுற்றிக் கட்டும் பஞ்சு வைத்த திரையை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. இங்கே அது இன்னும் தொட்டிலோடு இலவசமாக வருகிறது.

தூங்கும்போது மல்லாக்கத்தான் போட வேண்டும், ஒருக்களித்தும் வேண்டாம். பால் எதுக்களித்தால் மூச்சில் போய்விடாதா என்று கேட்காத அம்மா கிடையாது. மல்லாந்து படுக்கையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்கு அடியிலும் இருக்கும், வெளியே வரும் பால் மேடேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறப் போட்டால் இரண்டும் இடம் மாறிவிடும். 1994இல் அமெரிக்காவில் மல்லாக்கப் போடச் சொல்லிப் பெரிய பிரசாரம் தொடங்கினார்கள், அடுத்த சில ஆண்டுகளில் காரணம் தெரியாத திடீர் சிசு மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. எதுக்களிப்புக்காகத் தலைப்பக்கம் மட்டும் உயர்த்தி வைப்பதும் பலன் தராது, குழந்தை வழுக்கி வந்து கழுத்து மடிந்து கிடக்கும்.

கழுத்து மடிவது என்றதும் தூளிக்கு வந்தாக வேண்டும். தூளி, தூரி, ஏணை, ஊருக்கு ஒரு பெயர். நானும் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் வளர்ந்தவள்தான், என் பிள்ளையும் அதில்தான் உறங்கினான், ஆகவே தூளியைப் பழிக்க எனக்கு வாய் வராது. மடியில் கிடப்பதுபோல் இருக்கும், அம்மா வாசம் இருக்கும், ஒரு ஆட்டு ஆட்டினால் அழுகை நிற்கும், வேறென்ன வேண்டும். ஆனால் பச்சைக் குழந்தையின் பின்மண்டை பெரிது, கழுத்துத் தசைக்கு வலு இல்லை. குழிந்த துணியில் கிடக்கும்போது முகவாய் நெஞ்சில் போய் முட்டும், அந்தச் சின்ன மூச்சுப்பாதை அதிலேயே பாதி அடையும், அழக்கூட சத்தம் வராது. துணி முகத்தின் மேல் மூடிவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் தெரியாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் எடை குறைவான குழந்தைக்கும் தூளியே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது, வேண்டுமானால் தூளியில் ஆட்டி உறங்கவையுங்கள், உறங்கியதும் எடுத்துச் சமமான இடத்தில் போடுங்கள். ஆட்டுகிறவர் விழித்திருக்க வேண்டும், முகம் தெரிய வேண்டும். சேலையை விரித்துப் பிடிக்க நடுவில் வைக்கும் கட்டை நழுவாமல் கட்டியிருக்க வேண்டும். நைலான் சேலை வேண்டாம், முடிச்சு வழுக்கும். ஃபேன் கொக்கியில் கட்டவே கூடாது. குழந்தை புரளத் தொடங்கிய அன்று தூளியின் காலம் முடிந்தது.

தூளியால் பெரிய பிள்ளைகளுக்கு வரும் ஆபத்தைப் பற்றி வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. தம்பியோ தங்கையோ இல்லாத நேரத்தில் ஆறேழு வயது அக்கா அதில் ஏறி ஊஞ்சலாடுவாள், உடம்பைச் சுழற்றிச் சுழற்றிச் சேலையை முறுக்குவாள், முறுக்கு கழுத்தில் விழுந்தால் கால் தரையில் பட்டாலும் விடுவித்துக்கொள்ள முடியாது. இப்படி இறந்த பிள்ளைகளைப் பற்றி நம் ஊர்ச் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறது, தடயவியல் மருத்துவ இதழ்களிலும் பதிவாகியிருக்கிறது. குழந்தையை எடுத்ததும் சேலையைச் சுருட்டி முடிந்து, எட்டாத உயரத்தில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும்.

ஸ்பிரிங் தொட்டிலுக்கும் தூளிக்குச் சொன்னதெல்லாம் பொருந்தும். கூடுதலாக ஸ்பிரிங்கில் விரல் மாட்டும்.

தொட்டில் வாங்க வசதியில்லை, வீட்டில் இடமில்லை என்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம். தரையில் விரித்த கோரைப்பாய், அதன் மேல் ஒரு மடிப்பு பருத்தித் துணி, அம்மாவுக்குத் தனிப் பாய், குழந்தைக்குத் தனிப் பாய், கைக்கெட்டும் தூரத்தில். கெட்டியாக, சமமாக, வெறுமையாக இருக்க வேண்டும் என்று மேல்நாட்டு வழிகாட்டிகள் பக்கம் பக்கமாகச் சொல்வதற்கு நம் பாய் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. எனக்குப் பயம், சுவரோரம் தள்ளிப்போட்ட டபுள் காட்தான். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் குழந்தை விழுந்து மாட்டும், இலவம் பஞ்சு மெத்தையில் பெரியவர் பக்கம் பள்ளம் விழுந்து குழந்தை உருண்டு வரும். குடித்துவிட்டு வரும் அப்பாவோ, தூக்க மாத்திரை போட்டவரோ குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது. சோஃபாவில் மார்பில் போட்டுக்கொண்டு அசந்து தூங்குவது அதைவிட மோசம்.

தாத்தா காலத்துத் தேக்குத் தொட்டில் பரம்பரையாக இருக்கிறது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். கடைந்த கம்பிகளின் இடைவெளியை அளந்தால் பெரும்பாலும் 6 சென்டிமீட்டருக்கு மேல்தான் வரும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பல் முளைக்கும் குழந்தை சட்டத்தைத்தான் கரும்பு மாதிரி கடிக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தொட்டிலில் பெயர் வைக்கும் அன்று போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தையை அதில் தூங்கவைக்க வேண்டாம்.

தொட்டிலை ஜன்னல் ஓரத்திலும் திரைச்சீலைக் கயிறு, போன் சார்ஜர் ஒயர் எட்டும் இடத்திலும் போடாதீர்கள். கொசுவலையை மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகுங்கள், முகத்தில் விழும்படி தொய்வாக விட வேண்டாம். கழுத்தில் கறுப்புக் கயிறு, தாயத்து, தங்கச் சங்கிலி எதுவும் தூங்கும்போது இருக்கக் கூடாது, கம்பியின் முனையில் சிக்கினால் கயிறு அறுவதற்குள் மூச்சு நின்றுவிடும். சாமி கயிறு என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, இடுப்பில் அரைஞாணோடு கட்டிவிடுங்கள் என்பேன். சாமி கோபித்துக்கொண்டதாக இதுவரை யாரும் வந்து சொல்லவில்லை.

பலகையை எப்போது இறக்குவது? உட்காரப் பழகும்போது ஒரு மட்டம், எதையாவது பிடித்து நிற்க முயலும் முன்பே கடைசி மட்டம். குழந்தையின் உயரம் 90 சென்டிமீட்டரைத் தொட்டாலோ, அதற்கு முன்பே ஏறிக் குதிக்கப் பார்த்தாலோ, தொட்டிலை விட்டுத் தரைக்கு மாற்றிவிடுங்கள்.

அந்தக் குழந்தையை ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு அழைத்து வந்திருந்தார்கள். நெற்றியில் வீக்கம் போன இடமே தெரியவில்லை. டிராயர் முழுக்கத் தேடியும் சாவி கிடைக்காமல், ஹார்டுவேர் கடையில் வேறு வாங்கிப் பலகையை இறக்கினாராம் அப்பா. இப்போது அதைத் தொட்டிலுக்கு அடியிலேயே டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.