நாக்கடி மாத்திரையும் நாலு மணி நடையும்

நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்ட எங்கள் அலுவலக நண்பர் ஒரு மாத ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்பினார். சட்டைப்பையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. தினமும் அரை மணி நேரம் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பக்கத்து மேசை அக்கா என்னிடம் கேட்டார்: "நடந்தா காலுக்குத்தானே பெலம்? நெஞ்சுக்கு என்ன கெடைக்கும்?"

நடந்தால் எடை குறையும், சர்க்கரை கட்டுப்படும், பிரஷர் இறங்கும். எல்லாம் உண்மைதான், ஆனால் அதெல்லாம் நிலைத்து நிற்க வாரக்கணக்கில் ஆகும். நடக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ரத்தக்குழாய்க்குள் ஒரு வேலை ஆரம்பித்துவிடுகிறது. எனக்குப் பிடித்தது அதுதான். அதையே அக்காவுக்குச் சொன்னேன்.

நம் ரத்தக்குழாய் வெறும் ரப்பர் டியூப் இல்லை. அதன் உள்பக்கம் முழுவதும் ஒரே ஒரு அடுக்கு செல்களால் ஆன மெல்லிய படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்பார்கள். தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் எங்கள் ஊர் பாசனக் கால்வாயான அனந்தனார் சானலை எட்டிப் பாருங்கள். நேராக ஓடும் இடத்தில் கரையோரப் புல்லும் பாசியும் ஓட்டத்தின் திசையில் படிந்து கிடக்கும். தண்ணீர் சுழன்று தேங்கும் மூலையில் சகதியும் குப்பையும் சேரும். ரத்தக்குழாயும் ஏறக்குறைய இப்படித்தான். ரத்தம் சீராக ஓடும் இடத்தில் இந்தச் செல்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு படுத்திருக்கும். குழாய் கிளை பிரிகிற, வளைகிற இடங்களில் ஓட்டம் குழம்பும், செல்கள் தாறுமாறாக இருக்கும். கொழுப்பு அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

நடக்கும்போது இதயம் வேகமாக அடிக்கிறது. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு எட்டுக்கும் இறுகி, காலில் நிற்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஓட்டம் கூடுகிறது, ரத்தம் படலத்தை அழுத்தி உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசலைச் செல் உணர்கிறது! அதன் மேற்பரப்பில் நுண்ணிய இழைகளும், இழுபட்டால் திறக்கும் வாசல்களும் உண்டு. வாசல் திறந்ததும் கால்சியம் உள்ளே வரும். அது ஒரு நொதியைத் தட்டி எழுப்பும். அந்த நொதி ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தையும் ஆக்சிஜனையும் கொண்டு நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் செய்யும்.

இந்த வாயுவின் ஆயுள் சில விநாடிகள்தான். அதற்குள் அது குழாய்ச் சுவரில் உள்ள தசைக்குள் ஊடுருவி, இறுகியிருந்த தசையைத் தளர்த்திவிடும். குழாய் விரிகிறது, ரத்தத்துக்கு வழி அகலமாகிறது. ரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டிக் கட்டியாவதையும் இதே வாயு தடுக்கிறது.

இனி நண்பரின் சட்டைப்பைக்கு வருவோம். அந்த மாத்திரையும் உடம்புக்குள் போய்க் கொடுப்பது இதே நைட்ரிக் ஆக்சைடைத்தான். நடக்கும்போது நம் குழாயே அதைத் தயாரித்துக்கொள்கிறது. அதற்காக மாத்திரையை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. நெஞ்சுவலி வந்தால் நடந்து பார்க்கவும் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃப்ரெட் நோபலுக்குக் கடைசிக் காலத்தில் இதய நோய்க்கு டாக்டர்கள் எழுதிக்கொடுத்தது, அவர் வெடிமருந்தாகப் பயன்படுத்திய அதே நைட்ரோகிளிசரினைத்தான். நண்பரின் மாத்திரையும் இந்த வகை மருந்துதான். அது எப்படி வேலை செய்கிறது என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் ரத்தக்குழாய்த் துண்டுகளை வைத்து ஆராய்ந்தபோது, உள்படலம் உரசிப்போன துண்டுகள் அசிட்டைல்கோலின் என்ற வேறொரு மருந்துக்கு விரியவில்லை, படலம் பத்திரமாக இருந்தவை விரிந்தன. விரியச் சொல்லும் தகவல் அந்தப் படலத்திலிருந்துதான் வருகிறது என்பது அப்படித் தெரிந்தது. அந்தத் தகவல் நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது பிறகு தெரியவந்தது. அந்தக் கண்டுபிடிப்புகளுக்காக ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. முயல் குழாயை உரசிப் பார்க்கப் பணம் கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று மடக்குகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கவேண்டும். இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு நம் நாடு இன்னும் தாராளமாகச் செலவு செய்யவேண்டும் என்பது என் கட்சி. இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, தேன் கலந்து குடித்தால் அடைப்பு கரையும் என்ற வாட்ஸ்அப் செய்தி எங்கள் ஆபீஸ் குரூப்பிலும் மாதம் ஒருமுறை வருகிறது. அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் போவது உயிர்.

நடப்பவர்களுக்கு இதய நோய் குறைவு என்பதற்குப் பழைய சாட்சி லண்டன் பஸ்கள். 1953-இல் ஜெர்ரி மோரிஸ் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது.

சரி, எவ்வளவு நடக்கவேண்டும்? பத்தாயிரம் ஸ்டெப் என்ற கணக்கு 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, சராசரியாக 72 வயதான 16,741 பெண்களைப் பார்த்தது. நாளைக்கு 2,700 ஸ்டெப் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடமே இறப்பு நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நடை புதிதில்லை. சிவராத்திரிக்கு "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு பன்னிரண்டு சிவாலயங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் நடந்தும் போகிறவர்கள் இங்கே எத்தனையோ பேர். ஆனால் சில விநாடிகளில் தீர்ந்துபோகும் வாயுவை ஒரு ராத்திரி ஓடி வருஷத்துக்கும் சேர்த்துவைக்க முடியாது. தினமும் உரசல் கிடைத்தால்தான் படலம் அந்த நொதியையே கூடுதலாகச் செய்துவைத்துக்கொள்ளும். மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் குழாய்கள் விரியும் திறன் குறைகிறது என்றும், மணிக்கு ஐந்து நிமிடம் நடந்தாலே அதைத் தடுக்கலாம் என்றும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இதைச் சொன்ன மறுநாளே, மேசைக்கு டீ வரவழைப்பதை நிறுத்தினோம். நாலு மணிக்கு ஏழு பேர் சானல் பாலம் தாண்டி உள்ள கடைக்கு நடக்கிறோம், போக வரப் பதினைந்து நிமிடம். அக்காவுக்கு முட்டுவலி, அதனால் எல்லாரும் அவருடைய வேகத்துக்கே நடக்கிறோம். நேற்று பாலத்தில் நின்று கீழே பார்த்தவர், ஓட்டத்தோடு படிந்து கிடந்த பாசியைக் காட்டி, ஸ்டென்ட் வைத்த நண்பரிடம் சொன்னார்: "பாத்தீளா, உள்ள இப்படித்தான் கெடக்கணுமாம்."